இலங்கையில் இடியாப்பம் சாப்பிடலாமா?

கேள்வி: என் 10 வயது மகனுக்கு சீலியாக் நோய். கோதுமை, மைதா, ரவை எதுவும் ஆகாது. விடுமுறைக்கு மதுரையிலிருந்து கொழும்பு போகிறோம். அங்கே அரிசிச் சாப்பாடுதானே, பயமில்லையே?
– வாசகி, திருமங்கலம்

பதில்: சோறும் தேங்காய்ப்பால் சொதியும் பெரும்பாலும் பிரச்சினை தராது, சகோதரி. இடியாப்பத்தில்தான் கவனம் வேண்டும். நம்மூரில் அது அரிசி மாவு. அங்கே அவித்த கோதுமை மாவிலும் பிழிவார்கள், பிட்டும் அவிப்பார்கள். பார்த்தால் சட்டென்று தெரியாது. என் மகளுக்கும் இதே நோய் என்பதால், "கோதுமை மா கலந்ததா?" என்று கேட்காமல் நான் எங்கும் தட்டை வாங்குவதில்லை. அங்கே மைதாவைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஆப்ப மாவையும் கேட்டுவிடுங்கள்.

கொத்து ரொட்டி மைதா. அது கொத்தும் கல்லில் வார்த்த தோசையும் முட்டையும்கூட வேண்டாம். ஒட்டிய துகளே குடலைப் புண்ணாக்கும். ஃபிரைட் ரைஸில் ஊற்றும் சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு.

அப்புறம், வழிக்குப் புளியோதரை கட்டினால் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். பல கூட்டுப் பெருங்காயங்களில் கோதுமை மாவு சேர்க்கிறார்கள். பசிக்கும் நேரத்தில் கை கொடுக்க வாழைப்பழம், செவ்விளநீர் எங்கும் கிடைக்கும்.