ஃபின் இல்லாத பலகையும் 57 வயதும்

கேள்வி: நூசா கடற்கரையில் ஒருவர், ஃபின் (பலகையின் அடியில் திசை பிடிக்கும் துடுப்பு) இல்லாத மெல்லிய மரப்பலகையில் அலைமேல் வழுக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். எனக்கு 57 வயது. நீச்சல் தெரியும், தச்சு வேலை தெரியாது. நானே செய்து, ஓட்டவும் கற்றுக்கொள்ள முடியுமா?
- ஒரு வாசகி, பிரிஸ்பேன்

முடியும், சகோதரி. நான் தொடங்கியதே 54 வயதில்தான். இப்போது 61 ஆகிறது.

நீங்கள் பார்த்தது 'அலாயா'. பாலோனியா மரத்தில் செய்வார்கள். எடை குறைவு, உப்புத் தண்ணீரையும் அதிகம் குடிக்காது. மூன்று பலகைகளை ஒட்டி, 7 அடி நீளம், 17 அங்குல அகலம், கனம் ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்ளுங்கள். என் முதல் பலகையை, உடைந்துவிடுமோ என்ற பயத்தில், ஒன்றரை அங்குலத்தில் நிறுத்திவிட்டேன். விளிம்பு அலைக்குள் இறங்கவே இல்லை. பலகை வால் முன்னாலும் மூக்கு பின்னாலுமாகச் சுழன்றது. மறுபடி இழைப்புளியை எடுத்து அரை அங்குலம் சீவிய பிறகுதான் அது நேராகப் போயிற்று. ஃபின் செய்யும் வேலையை இங்கே விளிம்புதான் செய்கிறது. அதை உப்புத்தாள் போட்டு உருண்டையாக்கிவிடாதீர்கள். அடிப்பக்கத்தின் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் பிடிப்பு இன்னும் கூடும்.

இனி கடல். இந்த அளவுப் பலகை முழுதும் மூழ்கினாலும் தன் எடை போக ஏறத்தாழ 16 கிலோவைத்தான் தாங்கும். நானோ 68 கிலோ. அதனால் படுத்துக் கையால் துழாவி அலையைப் பிடிப்பது மிகக் கடினம். இடுப்பளவுத் தண்ணீரில் நில்லுங்கள். உடைந்த அலையின் நுரை முதுகைத் தொடும் நேரத்தில் தரையை உதைத்துப் பலகையோடு பாயுங்கள். வயிற்றில் படுத்தபடியே போங்கள். வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலது முழங்கையால் அந்த விளிம்பை அழுத்துங்கள். அழுத்தம் விட்டால் பலகை பக்கவாட்டில் நழுவும். அந்த நழுவலை உடம்பு அறிந்துகொள்ள எனக்கு ஒரு கோடைக்காலம் முழுதும் ஆயிற்று. அதுவரை எழுந்து நிற்பதை நினைக்கவே வேண்டாம். படுத்தபடி போகும்போது முகத்துக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் ஓடுகிறதே, அந்த வேகத்தை நான் வேறெதிலும் கண்டதில்லை.

கேள்வி: இது புது மோஸ்தரா?
- அதே வாசகி

இல்லவே இல்லை. ஹவாய் மக்களின் பழைய பலகை இது. 1899-இல் இறந்த இளவரசி கையுலானியின் அலாயா, ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பலகைக்கு ஃபின் வந்ததே 1930-களில், அமெரிக்க அலைச்சறுக்கு வீரர் டாம் பிளேக் பொருத்திப் பார்த்த பிறகுதான். அந்த அருங்காட்சியகப் பலகைகளைப் பார்த்துவிட்டு வந்து, 2000-களில் அலாயாவை மறுபடி அலைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் நூசா பக்கத்தில் பலகை செய்யும் டாம் வெகனர். நீங்கள் அதை அங்கே பார்த்தது தற்செயல் இல்லை.

கேள்வி: மேலே என்ன பூசுவது?
- ஒரு வாசகர், கோல்ட் கோஸ்ட்

ஆளிவிதை எண்ணெய். மெல்லியதாகப் பூசி, நன்றாகக் காயவிட்டு, மறுபடி பூசுங்கள். துடைத்த துணியை மட்டும் கசக்கி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். கசங்கிய துணிக்குள் அது தேங்கினால் தானாகவே தீப்பிடிக்கும். நான் துணியைத் தண்ணீரில் நனைத்து, வெளியே கொடியில் விரித்துப்போடுகிறேன்.