முகவரிப் பட்டை மறையாததற்குக் காரணம் சாவிதான்

நண்பரே, இணையதளத்தையே ஆப்பாக்கிய உங்கள் பிடபிள்யூஏவைக் கணினியிலிருந்து நேரடியாக நிறுவினால் முழுத்திரை, பிளே ஸ்டோரிலிருந்து இறக்கினால் மட்டும் மேலே முகவரிப் பட்டை என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் கோடில் பிழை இல்லை, கவலை வேண்டாம். நீங்கள் ஏற்றும் கோப்பை கூகுள் தன்னிடமுள்ள வேறொரு டிஜிட்டல் சாவியால் மறுபடி கையொப்பமிட்டுத்தான் பயனர்களுக்கு அனுப்புகிறது. எந்த ஆப் தன்னுடையது என்று சொல்லும் உங்கள் தளத்தின் அசெட்லிங்க்ஸ் ஜேசன் கோப்பிலோ, நீங்கள் கையொப்பமிட்ட அப்லோடு சாவியின் கைரேகை (சாவியை அடையாளம் காட்டும் எண்) மட்டும்தான் இருக்கும். இரண்டும் பொருந்தாததால்தான் பட்டை மறைவதில்லை.

ஆப் வெளியிடுபவர்களுக்கான பிளே கன்சோலில் ஆப் சைனிங் பக்கத்திலுள்ள ஷா-256 கைரேகையை நகலெடுத்து அதே பட்டியலில் சேருங்கள். பழையதை அழிக்காதீர்கள், சோதனைக்கு வேண்டும். அந்தக் கோப்பு வேறு முகவரிக்கு ரீடைரக்ட் ஆகாமல் நேராகத் திறக்கிறதா என்றும் பாருங்கள். நான் இரண்டு நாள் தொலைத்தது அதில்தான். புதிதாக ஆப் ஏற்றத் தேவையில்லை, போனில் நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் போதும்.