முள்ளும் பாறையும் உள்ள காட்டுக்கு எந்த அளவு டயர்?

கேள்வி: உசிலம்பட்டியில் இருக்கிறேன். மஹிந்திரா தார், 2021 மாடல், டீசல், ஃபோர் பை ஃபோர். சாப்டூர் மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு, டி. கல்லுப்பட்டி பக்கம் கொஞ்சம் கரிசல் நிலம். தோப்புக்குப் போகும் கடைசி நாலு கிலோமீட்டர் கல்லும் ஓடையும்தான். கம்பெனி டயர் 255/65 ஆர்18. எல்லாம் தேய்ந்துவிட்டன. போன மாதம் ஒன்று பக்கவாட்டில் கிழிந்தும் போனது. மதுரையில் ஒரு கடையில் 285/65 ஆர்18 போடச் சொல்கிறார்கள். வண்டி உயரும், அடி தட்டாது என்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் காரணம் தெரியாமல் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டால் அடுத்த கடையில் போய் மாட்டிவிடுவீர்கள். அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, டயர் பக்கவாட்டில் கிழிந்தது என்ற வரி. நம் பக்கத்துக் காட்டுப் பாதையில் ஓடும் டயர்களில் பெரும்பாலானவை தேய்ந்து சாவதில்லை. ஓரத்தில் சீமைக்கருவேல முள் ஏறியோ, கல் வெட்டியோதான் சாகின்றன. தரையில் படும் பட்டையில் முள் குத்தினால் ரப்பர் திரியைச் செருகிப் பஞ்சர் ஒட்டிவிடலாம். சைடுவால் என்கிற பக்கச் சுவரில் குத்தினால் ஒட்டக் கூடாது. வண்டி ஓடும்போது அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது, ஒட்டு நிற்காது. முழு டயரையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இப்போது அளவைப் படிப்போம். 255 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் சைடுவாலின் உயரம் என்பது. 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அப்படியென்றால் உங்கள் சைடுவால் 166 மி.மீ., டயரின் மொத்த உயரம் 789 மி.மீ. கடைக்காரர் சொல்லும் 285/65 ஆர்18-க்கு சைடுவால் 185, மொத்த உயரம் 828. வித்தியாசம் 39 மி.மீ. அதில் பாதிதான் வண்டியின் அடியில் கிடைக்கும், மீதிப் பாதி அச்சுக்கு மேலே போய்விடும். ஆக நீங்கள் காசு கொடுத்து வாங்கும் உயரம் 20 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு விரல் அகலம்.

அந்த ஒரு விரலுக்காக விட்டுக்கொடுப்பது நிறைய. டயரின் சுற்றளவு 5 சதவீதம் கூடுகிறது. மீட்டர் 80 காட்டும்போது வண்டி 84-ல் போகும். கியர் எல்லாம் அதே அளவுக்கு நீண்டுவிடும். ஏற்றத்தில் கிளட்ச்சுக்குச் சுமை கூடும், பிரேக் பிடிக்கவும் கூடுதல் வலு வேண்டும். ஒவ்வொரு டயரும் சில கிலோ கனமாகிவிடும், பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியும் சேர்த்துத்தான். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஒரு சக்கரம் கல்லில் ஏறும்போது அகலமான டயர் உள்ளே எங்காவது உரசவும் வாய்ப்பு உண்டு. கடையின் சமதரையில் உரசாததை வைத்து முடிவு செய்யாதீர்கள். உரசினால் ஸ்பேசர் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளலாம் என்று அடுத்து சொல்வார்கள். அதற்கும் சம்மதிக்காதீர்கள். வீல் பேரிங்குக்கு அது கூடுதல் பாரம்.

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸில் முதலில் கிளம்பக்கூடிய கேள்வி இதுதான்.

சரி, அப்புறம் என்னதான் போடுவது? 2020-இல் வந்த புதிய தார் வரிசையில் உங்கள் வண்டிக்கு ஒரு படி கீழே இருந்த ஏ.எக்ஸ். வகைக்குக் கம்பெனியே 16 அங்குல இரும்பு ரிம்மில் 245/75 ஆர்16 டயர் போட்டுக் கொடுத்தது. அதன் சைடுவாலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 184 மி.மீ. வரும். கடைக்காரர் சொல்லும் பெரிய டயருக்கும் இதற்கும் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! மொத்த உயரம் 774. இப்போதைய டயரைவிட 15 மி.மீ. குறைவு, வண்டியின் அடியில் 7 மி.மீ. மட்டும் இழப்பு. ஆனால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் 18 மி.மீ. ரப்பர் கூடுதலாக நிற்கும். உங்கள் தோப்புப் பாதைக்கு நான் இதைத்தான் சொல்வேன். இரும்பு ரிம் கல்லில் மோதி வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம். அலாய் என்றால் பல நேரம் விரிசல் விட்டுவிடும். மீட்டரிலும் பயமில்லை. 60 காட்டும்போது 59-ல் போவீர்கள், அவ்வளவுதான்.

அடி தட்டுமே என்ற கவலை நியாயமானது. வண்டியைத் தூக்கும் கிட் போட்டால் பாடி உயருமே தவிர, பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை உயராது. அதை உயர்த்தப் பெரிய டயரைத் தவிர வழியில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு விரல் உயரத்தைவிட ஓட்டும் முறை அதிகம் உதவும். கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுக் கடக்கப் பார்க்காதீர்கள். லோ கியரில் மெதுவாக ஒரு சக்கரத்தை அந்தக் கல்மீதே ஏற்றுங்கள். அச்சும் சேர்ந்து மேலே எழும்பும். ஓடையில் உருண்டு தேய்ந்த கல் டயரை அவ்வளவாக வெட்டாது. பாதை போடக் கொட்டிய உடைகல்தான் கத்திபோல அறுக்கும். அந்த இடத்தில் சக்கரத்தைச் சுழலவிடாமல் ஊர்ந்து போங்கள்.

கரிசல் நிலத்துக்கு வருவோம். அகல டயர் போட்டால் சேற்றில் மிதக்கும் என்று சொல்வார்கள். மணலுக்கு அது சரி. ஐப்பசி மழையில் ஊறிய கரிசல் வேறு மாதிரி. டயரின் வெட்டுகளில் மாவுபோல அப்பிக்கொள்ளும், இரண்டு சுற்று சுற்றியதும் சக்கரம் வழவழவென்று உருண்டையாகிவிடும். மேலே ஈரமும் கீழே கெட்டியுமாக இருக்கும்போது குறுகிய டயர்தான் சேற்றை வெட்டிக்கொண்டு கெட்டித் தரையைப் பிடிக்கும். அடிவரை ஊறிவிட்டால் எந்த அளவு டயரும் காப்பாற்றாது. நல்ல மழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் வெயில் காயும்வரை நிலத்துக்குள் வண்டியை இறக்காமல் இருப்பதே உத்தமம்.

வகையில் ஏ.டி. டயர் போதும், அதாவது ரோடு, காடு இரண்டுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர். எம்.டி. என்கிற பெரிய கட்டை வைத்த சேற்று டயரைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 40 கி.மீ. ரோடு. அதில் அது இரைந்துகொண்டே ஓடும், சீக்கிரம் தேயும், மழை ஈரத்தில் பிரேக் பிடித்தால் வழுக்கும். நாலு கிலோமீட்டர் காட்டுக்காக அது வேண்டாம்.

வாங்கும்போது அளவுக்குப் பின்னால் வரும் எண்ணையும் எழுத்தையும் பாருங்கள். 109 என்றால் ஒரு டயர் 1030 கிலோ தாங்கும், 111 என்றால் 1090 கிலோ. உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும் எண்ணுக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். எழுத்தில் எஸ் என்றால் 180 கி.மீ. வேகம் வரைக்கும், டி என்றால் 190 வரைக்கும். தயாரித்த தேதி நாலு இலக்கமாகச் சைடுவாலில் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். கடையில் இரண்டு மூன்று வருடம் அடுக்கில் கிடந்த டயரைத் தள்ளுபடிக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

அளவைவிட அதிகம் வேலை செய்வது காற்று. ரோட்டுக்கு வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும் காற்று. கல் பாதை தொடங்கும் இடத்தில் 24 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் டயர் கல்லின்மேல் மடங்கி உட்காரும், குலுக்கலும் குறையும். அதற்கும் கீழே இறக்கினால் சைடுவால் வெளியே பிதுங்கி முள்ளுக்கும் உடைகல்லுக்கும் இரையாகும். ஓடை மணலில் சிக்கினால் மட்டும் 18 வரை இறக்கலாம். மணலைத் தாண்டியதும் ஏற்றிவிடுங்கள். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். காற்றுக் குறைந்த டயரோடு சித்திரை வெயிலில் ரோட்டில் வேகம் எடுத்தால் சூடேறி வெடித்துவிடும். இதில் மட்டும் சோம்பல் கூடவே கூடாது.

ஐந்து டயரையும் ஐந்து ரிம்மையும் ஒன்றாக மாற்ற முடிந்தால் நல்லது. உடனே முடியாது, பழைய 18 அங்குலத்தையே ஸ்டெப்னியாக வைத்துக்கொள்கிறேன் என்றால், அதை மாட்டிய பிறகு டூ வீலிலேயே மெதுவாக வீடு வந்து சேருங்கள். உயரம் வேறுபட்ட டயரோடு ஃபோர் வீலைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொள்ளும், இரண்டு அச்சுக்கும் இன்ஜின் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கும். இரும்பு ரிம்முக்கும் அலாய்க்கும் நட்டு ஒன்றேதானா என்று கடையில் கேட்டு மாட்டுங்கள். மாட்டி 50, 60 கி.மீ. ஓடியதும் எல்லா நட்டையும் ஒருமுறை திரும்ப முறுக்கிப் பாருங்கள்.