உழவர் சந்தைக்கு எந்தக் காயை எந்த மாதம் போடுவது?

மதுரைக்குப் பக்கத்தில் கிணற்றுப் பாசனத்தோடு ஒரு ஏக்கர் இருக்கிறது, உழவர் சந்தையில் நேரடியாக விற்க எதை, எப்போது விதைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சந்தைக்குக் காய் கொண்டுபோகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: லாரியில் வரக்கூடிய காயை ஒரு ஏக்கர்காரர் நம்பக் கூடாது.

காரணம் விலைப்பலகை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்ததிலிருந்தே விலையை நாம் வைப்பதில்லை. மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும், வெளிக்கடைச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி தினமும் காலையில் அதிகாரிகள் எழுதுகிறார்கள். ஆந்திரத்தின் மதனப்பள்ளியிலிருந்தும் கர்நாடகத்தின் கோலாரிலிருந்தும் தக்காளி லாரிகள் வந்து குவிந்தால், உங்கள் தக்காளி எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் பலகையில் விலை விழுந்துவிடும். பெரிய வெங்காயமும் முட்டைக்கோஸும் அப்படித்தான். வீட்டுத் தேவைக்கு நாலு செடி தக்காளி வையுங்கள், போதும்.

லாரியால் கொண்டுவர முடியாதது எது? முதலில் கீரை. பறித்த மறுநாள் வாடிவிடும் சரக்கை யாரும் இருநூறு கிலோமீட்டர் ஏற்றி வருவதில்லை. சிறுகீரை, முளைக்கீரை, வெந்தயக்கீரை மூன்றும் 21 முதல் 25 நாளில் பறிப்புக்கு வரும். பத்து சென்ட்டை நான்காகப் பிரித்து வாரம் ஒரு பங்கு விதையுங்கள். நான்காவது பங்கை விதைத்து முடிக்கும்போது முதல் பங்கு தயாராகியிருக்கும். அதைப் பறித்து, எரு போட்டுக் கொத்திவிட்டு மறுபடி விதைக்கலாம். விதை பொடியானது என்பதால் மணலோடு கலந்து தூவுங்கள், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் குவிந்துவிடும். அரைக்கீரையைத் தனிப் பாத்தியில் வையுங்கள். அதை வேரோடு பிடுங்காமல் அறுத்து அறுத்து விற்கலாம். முந்தின நாள் வெயில் தாழ்ந்த பிறகு பறித்து, கட்டுக் கட்டி, ஈரச் சாக்கால் மூடி வைத்தால் காலையில் அப்போது பறித்ததுபோல் இருக்கும். தண்ணீரில் முக்கி எடுத்து வைக்காதீர்கள், நடுக்கட்டு அழுகும்.

அடுத்தது வெண்டை. சந்தையில் நின்று பாருங்கள்: வாங்குகிறவர்கள் யாரும் விலையை முதலில் கேட்பதில்லை, நுனியை ஒடித்துப் பார்க்கிறார்கள். ‘டக்’ என்று ஒடிந்தால் தராசுக்குப் போகும். நார் இழுத்தால் காயை அங்கேயே போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஒடித்துப் போட்ட காயும் நம் கணக்குதான். வெண்டை இரவோடு இரவாக முற்றும், எனவே ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே தீர வேண்டும், வீட்டில் கல்யாணமே நடந்தாலும். விதைத்த 45ஆம் நாள் காய்க்கத் தொடங்கி ஏறக்குறைய 90 நாள் வரை நன்றாகக் கொடுக்கும். முதல் பாத்தி பூத்துக் காய்க்கும்போது இரண்டாம் பாத்தியை விதைத்தால் இடைவெளி விழாது. கோடையில் வெள்ளை ஈ பெருகி மஞ்சள் நரம்புத் தேமல் பரவும். அப்போது நோயைத் தாங்கும் ரகம் கிடைத்தால் மட்டும் போடுங்கள்.

இப்போது பட்டம், அதாவது விதைக்கும் பருவம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மண்ணுக்கும் மழைக்கும் சரி. சந்தைக்கு முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன். ஊரே ஆடியில் விதைத்தால் வெண்டை, கொத்தவரை எல்லாம் ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும் ஒன்றாக வரத்தாகும். நிலத்தில் பாதியை ஆடியில் விதையுங்கள், மீதியைத் தள்ளிப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கீரை அழுகும், வரத்து குறையும், விலை ஏறும். அந்த இரண்டு மாதத்துக்காகவே வடிகால் உள்ள மேட்டுப்பாத்தி நாலைந்து போட்டு வைப்பவர் பிழைத்துக்கொள்வார். கோடையில் கொத்தமல்லித் தழை அப்படித்தான். வெயிலில் சீக்கிரம் பூத்துவிடும், அதனால் நிழல்வலை வேண்டும்.

விதைக்கும் நாளைவிட விற்கும் நாளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். இதில் பஞ்சாங்கம் பெரிய உதவி. அமாவாசையன்றும் திதி நாட்களிலும் பல வீடுகளில் கேரட், பீன்ஸ், கோஸ் சேர்க்க மாட்டார்கள். வாழைக்காய், அவரை, கொத்தவரை, புடலை, பாகல், பரங்கி என்று நாட்டுக்காய்தான் சமைப்பார்கள். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை மூன்றுக்கும் முந்தின நாள் இந்தக் காய்கள் நம்மிடம் இருக்க வேண்டும். வரப்பில் நாலு அகத்தி மரம் நிற்கட்டும். துவாதசிப் பாரணைக்கும், அமாவாசையன்று பசுவுக்குக் கொடுக்கவும் தேடி வருவார்கள், செலவும் கிடையாது. ஆவணியில் ஓணத்துக்காக ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையின் சரக்கு கேரளத்துக்குப் போகிறபோது இங்கேயும் பலகை ஏறும். புரட்டாசியில் சைவம் சாப்பிடுகிறவர்கள், கார்த்திகையில் மாலை போட்டவர்கள் என்று காய்க்கு ஆள் குறையாது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்கு வெள்ளரிப் பிஞ்சு வேண்டுமானால் பங்குனித் தொடக்கத்தில் விதைத்திருக்க வேண்டும். பொங்கலுக்கான பரங்கியைப் புரட்டாசிக் கடைசியில் ஊன்றுங்கள். பந்தல் அவரையும் மொச்சையும் ஆடியிலேயே விதைத்தாக வேண்டும். பகல் குறுகி, குளிர் இறங்கினால்தான் அவை பூக்கும், அவசரப்படுத்திப் பயனில்லை. ஓரத்தில் ஒரு வரிசை மஞ்சள் இருந்தால் பொங்கலுக்கு இலையோடு கொத்தாக விற்கும். ஆயுதபூஜைக்கு வெண்பூசணி போடலாமா என்று கேட்பார்கள். மறுநாள் அதைச் சீந்துவார் இல்லை, லாரியிலும் வந்து குவியும். நான் போட மாட்டேன்.

கத்தரி போடலாம், ஆனால் உங்கள் சந்தைக்காரர்கள் எதை எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு நாற்று வாங்குங்கள். வேலூர்ப் பக்கம் இலவம்பாடி முள்கத்தரிக்கு இருக்கும் மதிப்பு அதே காய்க்கு இங்கே கிடைக்கும் என்று நம்ப முடியாது. செடிமுருங்கை இரண்டு வரிசை வையுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989இல் வந்த பி.கே.எம். 1 ரகம் ஆறு மாதத்தில் காய்க்கும். பங்குனி, சித்திரையில் காய் மலிந்துவிடும், மார்கழியில் கிடைக்காது. இரண்டு காலத்திலும் முருங்கைக்கீரை விற்கும்.

எதையும் விதைக்கும் முன் உழவர் சந்தை அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். நிலப் பத்திரங்களோடு போனால், தோட்டத்தைப் பார்வையிட்டு, அங்கே விளைகிறதை வைத்துத்தான் கொடுப்பார்கள். கடைக்கு வாடகை இல்லை, தராசும் அவர்களே தருவார்கள். பத்து வகைக் காயைச் சிறிது சிறிதாகக் கொண்டுபோகிறவரிடம் ஒரு வீட்டுக்கு வேண்டியது எல்லாம் கிடைக்கும், அதனால் ஆட்கள் அங்கேயே நிற்பார்கள். ஒரே காயை மூட்டையாக இறக்கினால் கூட்டம் கலைந்த பிறகும் பாதி மிச்சம் இருக்கும்.

பாகல், புடலை, பீர்க்கு பற்றி நான் விரிவாகச் சொல்லவில்லை. பந்தலுக்குச் செலவு அதிகம், கோடையில் தண்ணீரும் வேண்டும். சித்திரை, வைகாசியில் உங்கள் கிணறு எத்தனை மணி நேரம் இறைக்கும் என்று எழுதுங்கள், அதைப் பார்த்துச் சொல்கிறேன்.