வாசகர் கேள்வி பதில்: கோப்பையின் அடியில் தங்கும் கொக்கோ

மார்கழியும் தையும் வந்துவிட்டால் மலையகத்து வாசகர்களின் கடிதங்கள் பெரும்பாலும் அடுப்படியைச் சுற்றியே அமைகின்றன. இம்முறை சூடான சொக்லேட் பானத்தைப் பற்றிப் பலர் கேட்டிருப்பதால், அந்தக் கடிதங்களை மட்டும் ஒன்றாக எடுத்துப் பதில் எழுதுகிறேன்.

வாசகி, தலவாக்கலை: வணக்கம் அம்மா. நுவரெலியாவில் ஒரு விடுதியில் பிள்ளைகளுடன் சூடான சொக்லேட் அருந்தினோம். கரண்டியால் அள்ளிக் குடிக்கும் அளவுக்குத் தடிப்பாகவும், சுவை வாயில் நெடுநேரம் நிற்பதாகவும் இருந்தது. வீட்டில் கொக்கோ தூளைப் பாலில் கலந்தால் தண்ணீராகவே வருகிறது; தூள் முழுவதும் கோப்பையின் அடியில் தங்கிவிடுகிறது. தூளைக் கூட்டினால் கசக்கிறது, சீனியைக் கூட்டினால் திகட்டுகிறது. என்ன செய்வது?

பதில்: சகோதரி, சீனியும் உப்பும் பாலில் கரைவதைப் போலக் கொக்கோ தூள் கரைவதில்லை. அது வறுத்த கொக்கோ விதையின் மிக நுண்ணிய துகள். பாலில் மிதந்து நிற்குமே தவிர, எவ்வளவு கலக்கினாலும் பாலோடு ஒன்றாகிவிடாது. பால் மெலிதாக இருந்தால் துகள் விரைவில் அடியில் படியும். எனவே தூளைக் கூட்டுவதால் உங்கள் குறை தீராது. படிகின்ற வண்டல்தான் கூடும்.

கொக்கோ விதையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. அதை அழுத்திப் பிழிந்து எடுத்துவிட்டு, எஞ்சிய பிண்ணாக்கைப் பொடித்ததே நாம் வாங்கும் கொக்கோ தூள். ஒல்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பத்தார் 1828ஆம் ஆண்டில் இந்த அழுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பின்னர்தான் கொழுப்புக் குறைந்த, இலகுவாகக் கலக்கக்கூடிய தூள் பரவலாயிற்று. அதற்கு முன் ஐரோப்பியர் அருந்தியது விதை முழுவதையும் அரைத்த, மேலே நெய் மிதக்கும் பானம். கடைகளில் கிடைக்கும் தூள்களில் கொழுப்பு பெரும்பாலும் நூற்றுக்கு 10 முதல் 12 வரையிலும், உயர்ந்த ரகங்களில் 20 முதல் 24 வரையிலும் இருக்கும். விடுதியில் நீங்கள் சுவைத்த செறிவு, பிழிந்தெடுக்கப்பட்ட அந்தக் கொழுப்பை மீண்டும் சேர்ப்பதால் வருவது. அதற்கு இலகுவான வழி, தூளோடு நல்ல டார்க் சொக்லேட்டையும் சேர்ப்பது. கரண்டியில் நிற்கும் தடிப்பு வேறு விடயம். அது பெரும்பாலும் சிறிதளவு சோளமாவின் வேலை. இத்தாலியர் தங்கள் சூடான சொக்லேட்டை அவ்வாறுதான் தடிப்பாக்குகிறார்கள். சோளமாவை மட்டும் கூட்டிச் செறிவைப் பெற முயன்றால் கஞ்சிதான் கிடைக்கும்.

இரண்டு கோப்பைக்கு அளவு சொல்கிறேன். கொழுப்பு நீக்காத பால் 400 மில்லிலீற்றர், கொக்கோ தூள் 2 மேசைக்கரண்டி, சீனி 2 மேசைக்கரண்டி, டார்க் சொக்லேட் 60 கிராம், சோளமா 1 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. முதலில் ஒரு சிறிய பாத்திரத்தில் கொக்கோ, சீனி, உப்பு மூன்றையும் உலர்வாகவே கலந்து, கொதிக்கும் நீர் 4 மேசைக்கரண்டி ஊற்றிப் பளபளப்பான குழம்பாகும்வரை குழையுங்கள். முழுச் செய்முறையிலும் தவறவிடக்கூடாத கட்டம் இதுதான். உலர்ந்த தூளை நேரே பாலில் கொட்டினால் வெளிப்புறம் மட்டும் நனைந்து உள்ளே உலர்ந்த கட்டிகளாக நின்றுவிடும். சுடுநீரில் குழைக்கும்போது ஒவ்வொரு துகளும் நனைந்து, தூளில் இயல்பாகவே உள்ள மாப்பொருள் ஊறி, மணமும் திறந்துகொள்ளும். இந்தக் குழம்பை மெல்லிய தீயில் இரண்டு நிமிடம் கிண்டிவிட்டு, பாலில் 350 மில்லிலீற்றரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். மீதிப் பாலைக் குளிர்ந்தபடியே வைத்து, அதில் சோளமாவைக் கரைத்து, பால் ஆவி விடத் தொடங்கியதும் சேர்த்துக் கிண்டுங்கள். ஓரங்களில் குமிழி வந்து ஒரு நிமிடம் சென்றதும் அடுப்பிலிருந்து இறக்கி, பொடியாகச் சீவிய சொக்லேட்டைப் போடுங்கள்.

சொக்லேட்டை இறக்கிய பிறகே போடவேண்டும். கொக்கோ கொழுப்பு நம் உடற்சூட்டை ஒட்டிய 34 பாகை அளவிலேயே உருகிவிடும். சொக்லேட்டைப் போட்ட பின்னரும் பாலைத் தளதளவெனக் கொதிக்கவிட்டால் கொழுப்புத் தனியே பிரிந்து மேலே எண்ணெய்ப் படலமாக நிற்கக்கூடும். வாங்கும்போது உறையின் பின்புறத்தை வாசியுங்கள். கொக்கோ கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்த்த கட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. கேக்கின் மேல் பூசுவதற்கு அவை போதும், ஆனால் பானத்தில் இட்டால் மெழுகு மேலண்ணத்தில் ஒட்டியதைப் போன்ற உணர்வைத் தரும். கொக்கோ 55 முதல் 70 வீதம் வரையுள்ள டார்க் சொக்லேட் பொருத்தமானது. பால் சொக்லேட்தான் கையில் இருக்கிறதென்றால் சீனியை அரைவாசியாக்குங்கள்.

கடைசியாக மத்தை எடுத்து அரை நிமிடம் கடையுங்கள். மெக்சிக்கோ வரை போனால் அங்கும் சொக்லேட்டுக்கென மரத்தில் செதுக்கிய ஒரு மத்து இருக்கிறது. அதற்கும் முற்காலத்தில் அங்குள்ளவர்கள் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத்திலிருந்து ஊற்றி நுரை எழுப்பினார்கள். தேநீர் ஆற்றிப் பழகிய கைகளுக்கு அதையும் யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. குளிர் மிகுந்த ஊர் என்பதால் கோப்பைகளைச் சுடுநீரில் கழுவிச் சூடேற்றிவிட்டு ஊற்றுங்கள். குளிர்ந்த கோப்பையில் கொழுப்பு ஓரங்களில் விரைவாக உறையும்.

வாசகர், ஹட்டன்: எங்கள் வீட்டில் பசும்பால் எப்போதாவதுதான் கிடைக்கும், பால்மாதான் பாவிக்கிறோம். பால்மாவில் நல்ல சொக்லேட் பானம் செய்ய முடியுமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். உண்மையைச் சொன்னால், செறிவைப் பொறுத்தவரை பால்மா பாவிப்பவருக்கு ஒரு வசதி கூடுதலாகவே இருக்கிறது. பசும்பாலைத் தடிப்பாக்க வேண்டுமானால் நெடுநேரம் சுண்டக் காய்ச்ச வேண்டும். பால்மாவில் ஒரு கரண்டியைக் கூட்டினாலே போதும். கொழுப்பு நீக்காத பால்மாவில் நூற்றுக்கு 26 கிராம் அளவிலோ சற்று அதிகமாகவோ பாற்கொழுப்பு இருக்கும். 200 மில்லிலீற்றர் நீருக்கு வழக்கமாக 25 கிராம் இடுவதாயின், இதற்கு 35 கிராம் இடுங்கள்.

பால்மா 3 பங்கு, கொக்கோ 1 பங்கு, சீனி 1 பங்கு என்று உலர்வாகக் கலந்து, சல்லடையில் ஒருமுறை அரித்து, ஈரமில்லாத போத்தலில் வைத்துக்கொள்ளலாம். ஒரு கோப்பைக்கு இதில் மட்டமாக 5 மேசைக்கரண்டி போதும். தடிப்பு வேண்டியவர்கள் ஆறாவதையும் போடலாம். கொதிநீரை நேரே ஊற்றாமல், சற்று ஆறிய சுடுநீர் சிறிதளவில் முதலில் குழைத்து, பின்னர் மீதி நீரைச் சேர்த்து அடுப்பில் வைத்துக் கிண்டுங்கள். பால்மாவைக் கொதிநீரில் கொட்டினால் கட்டிபடும். இறக்கியதும் 20 கிராம் டார்க் சொக்லேட் சீவிப் போட்டால், பசும்பாலில் செய்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இராது. மலையகத்தின் ஈரக்காற்றில் திறந்து வைத்த கொக்கோ விரைவில் கட்டிபிடிக்கும் என்பதால், ஈரக் கரண்டியைப் போத்தலுக்குள் விடாதீர்கள். டின்பால் சேர்ப்பவர்களும் உண்டு. அதில் ஏறத்தாழ அரைவாசி சீனிதான் என்பதை நினைவில் வைத்து, வேறு சீனி போடாமல் விடுங்கள்.

வாசகி, பண்டாரவளை: சீனிக்குப் பதிலாகக் கித்துள் கருப்பட்டி போட்டேன். மணம் அருமையாக இருந்தது. ஆனால் பால் திரிந்துவிட்டது. கருப்பட்டியும் கொக்கோவும் ஒத்துப்போகாதா?

பதில்: மிக நன்றாக ஒத்துப்போகும், என் நாவுக்கு வெள்ளைச் சீனியைவிட அதுவே பொருத்தம். பால் திரிந்ததற்குக் காரணம் புளிப்பு. கருப்பட்டியில் சிறிது புளிப்புத்தன்மை உண்டு. பதப்படுத்தாத சாதாரணக் கொக்கோ தூளிலும் உண்டு. பாலும் காலையில் கறந்து மாலைவரை வெளியில் இருந்ததானால் அதுவும் புளிப்பை நோக்கி நகர்ந்திருக்கும். இவை மூன்றும் கொதிநிலையில் சந்தித்தால் பாலின் புரதம் திரளாமல் என்ன செய்யும்?

கருப்பட்டியைச் சீவி, சிறிதளவு நீரில் தனியாகக் காய்ச்சிக் கரைத்து, வடிகட்டி எடுங்கள். மண்ணும் தும்பும் அதோடு போய்விடும். சொக்லேட் பானத்தை முழுவதும் தயாரித்து இறக்கி, கொதி அடங்கிய பிறகு இந்தப் பாகைச் சேர்த்துக் கலக்குங்கள். கித்துள் பாணியையும் இவ்வாறே கடைசியில் விடலாம். அப்படியும் அச்சமாயிருந்தால், பாலைச் சூடேற்றும்போதே அப்பச்சோடாவில் ஒரு சிறு சிட்டிகை இடுங்கள். புளிப்பு அடங்குவதோடு பானத்தின் நிறமும் கருஞ்சிவப்பாக மாறும். சோடாவைப் போன்ற காரப்பொருள் சேர்த்துப் பதப்படுத்திய கொக்கோ தூள் என்று தனியாக விற்பதும் இதே அடிப்படையில் செய்யப்படுவதுதான். அதன் நிறம் கருமையாகவும் சுவை மென்மையாகவும் இருக்கும். சோடா ஒரு சிட்டிகையைத் தாண்டினால் சவர்க்காரச் சுவை தட்டும், கவனம்.

வாசனைக்கு என்ன இடலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். கறுவாப்பட்டை ஒரு விரல் நீளம் பாலோடு சேர்த்துச் சூடேற்றி எடுத்துவிடுங்கள். தூளாகப் போட்டால் நாவில் நெருடும். ஏலக்காய் ஒன்று போதும். சாதிக்காயை அருந்துமுன் மேலே இரண்டு உரசல் உரசலாம். மூன்றையும் ஒன்றாகப் போட்டால் அது வட்டிலப்பத்தின் வாசனையாகிவிடும், சொக்லேட் மறைந்துவிடும்.

வாசகர், மாத்தளை: எங்கள் வளவில் இரண்டு கொக்கோ மரங்கள் காய்க்கின்றன. கடைத் தூள் வாங்காமல் அந்தக் காய்களிலிருந்தே பானம் செய்ய முடியுமா?

பதில்: தம்பி, உங்கள் ஊருக்கே உரிய கேள்வி இது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தபோது, தோட்டக்காரர்கள் தேயிலையில் முழுமையாக இறங்குவதற்கு முன், கொயினா மருந்துக்குப் பட்டை தரும் சிங்கோனா மரத்தையும் கொக்கோவையும் நட்டுப் பார்த்தார்கள். நுவரெலியாவின் குளிரில் கொக்கோ வளராது; அதைவிடத் தாழ்ந்த, வெப்பமும் நிழலும் ஈரமும் உள்ள மாத்தளை, கண்டிப் பகுதிகள் அதற்கு ஏற்றவையாக இருந்ததால் இன்றும் அங்கே வளவுகளில் காண்கிறோம்.

செய்ய முடியும், ஆனால் நொதிக்க வைப்பதில்தான் சிக்கல். பழுத்த காயைப் பிளந்து, வெள்ளைச் சதை ஒட்டிய விதைகளை அப்படியே குவித்து, வாழையிலையால் மூடி, ஐந்து முதல் ஏழு நாள் வரை வைக்கவேண்டும்; இடையிடையே புரட்டிவிடவேண்டும். சதையின் இனிப்பு நொதித்துக் குவியல் தானாகவே 45 பாகைக்கு மேல் சூடேறும்போதுதான் விதையின் முளை செத்து, துவர்ப்புக் குறைந்து, சொக்லேட்டின் மணத்துக்கு அடிப்படையானவை விதைக்குள் உருவாகின்றன. ஒரு காயில் முப்பது நாற்பது விதைகளே இருக்கும். நாலைந்து காய்களின் விதை அந்தச் சூட்டைப் பிடிக்காது. ஆகவே அயலவர்களின் காய்களையும் சேர்த்து ஒரு பெட்டி நிறையச் செய்யுங்கள். சிறிய அளவில்தான் முடியுமென்றால், குளிர் படாதபடி சாக்குத் துணியால் நன்றாகச் சுற்றி, வெப்பமான இடத்தில் வையுங்கள்; பலன் முழுமையாக இராவிட்டாலும் பச்சை விதையை வறுப்பதைவிட மேலானது.

பின்னர் வெயிலில் ஒரு வாரம் உலர்த்தி, விதையை நசுக்கினால் நொறுங்கும் பதம் வந்ததும், தாச்சியில் மெல்லிய தீயில் அரை மணித்தியாலமளவு வறுங்கள். தோலைப் புடைத்து நீக்கி, பருப்பை அம்மியிலோ கிரைண்டரிலோ அரைத்தால், பாதி கொழுப்பு என்பதால், தூளாகாமல் எண்ணெய்விட்டுக் குழம்பாகும். அதை உருண்டை பிடித்து ஆறவிட்டால் இறுகிவிடும். கரீபியத் தீவுகளில் இப்படிப்பட்ட உருண்டைகளைச் சீவி, கறுவாவும் சாதிக்காயும் சேர்த்து நீரில் காய்ச்சி, பின்னர் பாலும் சீனியும் இட்டு அருந்துகிறார்கள். நீங்களும் ஒரு கோப்பைக்கு 15 கிராம் சீவி, பத்து நிமிடம் நீரில் காய்ச்சி, பால் சேர்த்துப் பாருங்கள். மேலே நெய் மிதக்கும், சற்று நறநறக்கும். கடைத் தூளின் வழவழப்பை இதில் எதிர்பார்க்கவேண்டாம். மணத்தில் அதற்கு இது இளைத்ததல்ல.

வாசகி, நுவரெலியா: எங்கள் ஊரில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்கிறார்களே, அதனால் செய்முறையை மாற்றவேண்டுமா?

பதில்: ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள உங்கள் ஊரில் நீர் 94 பாகையளவில் கொதிக்கும். சோளமா வேக அது போதும். ஒரு நிமிடம் அதிகமாகக் கிண்டுங்கள். வேறு மாற்றம் தேவையில்லை.

வாசகி, பதுளை: பிள்ளைகளுக்கு இரவில் கொடுக்கலாமா? அவர்கள் மிச்சம் வைப்பதை எங்கள் நாய்க்கு ஊற்றுவது வழக்கம், அதில் தவறுண்டா?

பதில்: ஒரு மேசைக்கரண்டி கொக்கோ தூளில் ஏறத்தாழ 12 மில்லிகிராம் கஃபீன் உண்டு, ஒரு கோப்பை தேநீரில் பெரும்பாலும் அதைப்போல மூன்று மடங்காவது இருக்கும். ஆகவே தூள் மட்டும் சேர்த்த மெல்லிய பானம் பெரும்பாலான பிள்ளைகளின் உறக்கத்தைக் கெடுக்காது. டார்க் சொக்லேட்டும் சேர்த்த செறிந்த பானம் மெல்லிய தேநீருக்கு அருகில் வந்துவிடுவதால், அதை மாலை நான்கு மணிக்குக் கொடுங்கள். அளவும் சிறிய கோப்பையாக இருக்கட்டும்.

நாய்க்கு ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். கொக்கோவிலுள்ள தியோபுரோமின் என்னும் பொருளை நம் உடல் விரைவாக வெளியேற்றிவிடும். நாயின் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றும் என்பதால் அது நஞ்சாகத் தேங்கும். சொக்லேட் எவ்வளவு கருமையோ அவ்வளவு ஆபத்து. வாந்தி, நடுக்கம், அமைதியின்மை, நெஞ்சு படபடப்பு ஆகியவற்றில் எதையேனும் கண்டால் காத்திருக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். எவ்வளவு குடித்தது, தூளா டார்க் சொக்லேட்டா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.