உறை அலகைப் பிடிப்பதில்லை

அன்புள்ள ஐயா,

மூன்று வருடமாகக் கத்தி செய்கிறேன். முழுநேர வேலை இல்லை, விடுமுறை நாட்களில் மட்டும். இதுவரை பதினொன்று முடித்திருக்கிறேன். எல்லாமே 1084 எஃகுப் பட்டையை அறுத்து, பெல்ட் கிரைண்டரிலும் அரத்திலும் தேய்த்து எடுத்தவை. அடித்துச் செய்யத் தெரியாது, உலை வைக்க இடமும் கிடையாது. கத்தியைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. உறைதான் என் மானத்தை வாங்குகிறது. ஒன்றைக் கவிழ்த்தால் கத்தி கீழே விழுகிறது. இன்னொன்றிலிருந்து கத்தியை உருவ இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. கடைசியாக ஒருவருக்குச் செய்து கொடுத்த கத்தி ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. உறைக்குள் இருந்தபடியே அலகு முழுக்கத் துருப் புள்ளிகள்.

இத்துறையில் என்னைவிட மூத்தவர் ஒருவர், "கத்திக்காரன் கத்தியைப் பார், உறையைத் தோல்காரரிடம் விட்டுவிடு" என்கிறார். அடிக்காமல் தேய்த்து எடுப்பதெல்லாம் கைவேலையே இல்லை என்றும் அவரே சொல்கிறார். இரண்டுக்கும் உங்கள் கருத்து வேண்டும். என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர்

நண்பருக்கு,

இரண்டாவது கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். உட்கார்ந்து சண்டை போட நல்ல விஷயம், வேலைக்கு ஆகாது. அமெரிக்கக் கத்திக்காரர் பாப் லவ்லெஸ் (1929–2010) செய்த கத்திகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள். அவர் புகழ்பெற்றது பட்டையைத் தேய்த்து எடுத்த கத்திகளால்தான். அவர் காலத்தவரான பில் மோரன் சுத்தியலும் அடைகல்லுமாக வாழ்ந்தவர், 1976-இல் அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அடித்துச் செய்பவர்களுக்கான அந்தச் சங்கம் கத்தியைச் சோதிக்கும் முறையைக் கேளுங்கள். தொங்கும் ஒரு அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். மரச்சட்டத்தை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதற்குப் பிறகும் அதே கூர் கை மயிரை மழிக்க வேண்டும். கடைசியில் அலகை வைஸில் இறுக்கி 90 டிகிரி வளைப்பார்கள், இரண்டாக உடையக் கூடாது. மயிரை மழிக்கும் கடினமும் உடையாமல் வளையும் குணமும் ஒரே இரும்பில் சேர்ந்து வருவது சூட்டால். சுத்தியல் அந்த இரும்புக்கு வடிவம் தருகிறது, வீணாகும் எஃகைக் குறைக்கிறது, அடிக்கிறவருக்கு ஆனந்தம் தருகிறது. மூன்றும் நல்லவைதான். ஆனால் அடித்து அடித்து எஃகை 'இறுக்கி'விடலாம் என்பது பட்டறைக் கதை.

உங்கள் 1084-இல் சுமார் 0.84 சதவீதம் கார்பன் இருக்கிறது. 770 டிகிரி செல்சியஸில் காந்தம் அதை விட்டுவிடும். அங்கிருந்து இன்னும் நாற்பது டிகிரி போலச் சூடேற்றி, வெதுவெதுப்பான எண்ணெயில் தோய்த்து, அரம் வழுக்குகிறதா என்று பார்த்துவிட்டு, 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை வைத்து எடுத்தால் கடினம் ராக்வெல் அளவில் 60-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பதினொரு கத்திக்கும் புகார் வரவில்லை என்றால் இது உங்களுக்குக் கைவந்துவிட்டது. உங்கள் மூத்தவரிடம் வாதாடாதீர்கள், ஒரு கத்தியைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இனி உறைக்கு வருவோம். ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். நான் முதலில் செய்த உறைகளில் தாராளமாக இருந்திருக்கும், அவ்வளவு தொளதொள. அதைச் சரிசெய்ய எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன். அலகைச் சுற்றித் தோலை இன்னும் இன்னும் இறுக்கினேன். பலன், ஒவ்வொரு முறை உருவும்போதும் கூர் தோலைச் சீவிக்கொண்டே வரும். நாலு மாதத்தில் உறை பழையபடி தொளதொள, உள்ளே தோல்தூள்.

காரணம் எளிது. அலகு ஓர் ஆப்பு. பிடிப்பக்கம் அகலம், முனைப்பக்கம் ஒடுக்கம். ஆப்பு இரண்டு மில்லிமீட்டர் வெளியே நகர்ந்தாலும் சுற்றியிருக்கும் தோலுக்கும் அதற்கும் தொடர்பு போய்விடும். உறை அலகைப் பிடிப்பதில்லை, பிடியைத்தான் பிடிக்கிறது. பிடியின் முன்பகுதியில் ஒரு பருமன் இருக்க வேண்டும், அதற்குப் பின்னால் ஓர் இடுப்பு. கத்தியை நுழைக்கும்போது பருமன் உறைவாயைக் கொஞ்சம் விரித்துக்கொண்டு உள்ளே இறங்கும். இறங்கியதும் தோல் இடுப்பில் வந்து ஒடுங்கும். அப்போது 'டொப்'பென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே நான் சிலசமயம் காரணமில்லாமல் கத்தியை உருவிச் செருகிக்கொண்டிருப்பேன், வீட்டில் திட்டு விழும்.

கவிழ்த்தால் விழுகிறது என்று எழுதியிருக்கும் கத்தியின் பிடி அடிமட்டம் மாதிரி நேராக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அதற்கு எந்தத் தோல்காரராலும் நல்ல உறை தைக்க முடியாது. ஒரு வாரும் அமுக்குப் பொத்தானும் வைத்துத் தருவார், அவ்வளவுதான். இரண்டு கை கேட்கும் உறையில் வாய் சரியாகப் பருமனின் மேலேயே வந்து முடிந்திருக்கும், அல்லது உறை மிக ஆழமாகி விரல் பற்ற இடமில்லாமல் போயிருக்கும். மூன்று விரலாவது வளைந்து பிடிக்க வெளியே இடம் விடுங்கள். உறைவாய் இடுப்பைத் தாண்டி ஒரு சின்ன உதடு போல வெளிப்புறம் மலர்ந்திருக்கட்டும், அதற்கு மேல் ஏற வேண்டாம்.

ஆக, உறையின் தலையெழுத்து நீங்கள் பிடியைக் காகிதத்தில் வரையும்போதே எழுதப்பட்டுவிடுகிறது. அலகுக்கும் இது பொருந்தும். இலை வடிவத்தில் நடுவே அகன்ற அலகு பார்க்க அழகு. ஆனால் அந்த அகலம் நுழையும் அளவுக்கு உறையின் கழுத்தைத் திறந்து வைக்க வேண்டும், உள்ளே போன பிறகு கழுத்தில் காலியிடம் ஆடும். அப்படிப்பட்ட கத்தியைச் செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. செய்தால் பிடியின் இடுப்பு இரண்டு மடங்கு உழைக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, உள்பட்டை. மடித்த தோலின் இரண்டு ஓரங்களுக்கும் நடுவே, கூர் இருக்கும் பக்கம் நெடுக வைத்துத் தைக்கும் தோல் பட்டையைச் சொல்கிறேன். வெல்ட் என்பார்கள். இதை வைக்காமல் ஒருமுறை நண்பருக்கு உறை தைத்துக் கொடுத்தேன். அப்போது எனக்கு அது தேவையற்ற அலங்காரமாகத் தெரிந்தது. கூர் ஒவ்வொரு தையலாக அறுத்துக்கொண்டே போயிருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் அவர் குனிந்தபோது அலகு பக்கவாட்டில் எட்டிப் பார்த்துவிட்டது. தொடையில் நான்கு தையல். என் உறையில் நான் போட்டிருந்த தையலைவிட மருத்துவரின் தையல் ஒழுங்காக இருந்தது. நண்பர் இன்னும் நண்பர்தான், ஆனால் அந்தக் கத்தியை அவர் மறுபடி இடுப்பில் கட்டவில்லை.

உள்பட்டை அலகின் முதுகுத் தடிமனுக்குச் சமமாகவோ சற்றுக் கூடவோ இருக்கட்டும். கூர் போய் முட்டும் இடத்துக்கும் தையல் வரிசைக்கும் நடுவே அரை சென்டிமீட்டர் தோலாவது வேண்டும். கூர் நூலை ஒருபோதும் தொடக் கூடாது, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அட்டையில் மாதிரி வெட்டி, மடித்து, ஒட்டி, கத்தியை நுழைத்துப் பார்த்த பிறகு தோலில் கை வையுங்கள். அட்டை மெலிது, தோல் 3 மில்லிமீட்டர் தடிப்பு, மடிப்பில் அது இடத்தைத் தின்னும். முதல் மாதிரி எப்போதும் சின்னதாகத்தான் வரும்.

தையலுக்கு ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போக வேண்டும். தையல் எந்திரத்தில் இரண்டு நூல் நடுவில் கொக்கி போட்டுக்கொள்ளும், ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகத் தளர ஆரம்பிக்கும். கைத்தையலில் ஒன்று அறுந்தாலும் பக்கத்துத் தையல் அசையாது. நூலுக்குத் தேன்மெழுகு போடுங்கள். தைக்கும் நீளத்தைப் போல நான்கு மடங்கு நூல் எடுங்கள், பாதியில் தீர்ந்து போகும் எரிச்சல் மிச்சம்.

இப்போது துரு. திரும்பி வந்த உறையின் ஓரத்தைப் பிளேடால் ஒரு மில்லிமீட்டர் சீவிப் பாருங்கள். வெட்டுவாய் நீலச் சாம்பல் நிறத்தில் இருந்தால் அது குரோமிய உப்பில் பதனிட்ட தோல். செருப்பின் மேல்பகுதிக்கும் கைப்பைக்கும் வருவது பெரும்பாலும் அதுதான். மெத்தென்று இருக்கும், ஈரத்தில் அழுத்தினால் வடிவம் நிற்காது, அதிலுள்ள உப்பு கார்பன் எஃகைக் கடிக்கும். உறைக்கு வேண்டியது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் உறிஞ்சிக் கருக்கும், நனைத்து அழுத்திய வடிவம் காய்ந்த பிறகும் நிற்கும்.

ஆனால் நல்ல தோல் என்பதற்காகக் கத்தியை உள்ளேயே குடிவைத்துவிட முடியாது. பட்டைச் சாற்றில் இருக்கும் துவர்ப்பான டானினும் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் கறுப்பு பிறக்கும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் கையெழுத்துப் பிரதிகள் எழுதிய மையும் இதே சேர்க்கைதான். எழுத்துக்கு நல்லது, அலகுக்கு ஆகாது. பித்தளை ஆணி போட்டிருந்தால் அதில் பச்சையாகக் களிம்பு ஏறும். கத்தியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், உறை கொண்டுபோவதற்கு, வைத்திருப்பதற்கு அல்ல. வேலை முடிந்தால் துடைத்து, எண்ணெய் தடவி, வெளியே வைக்க வேண்டும்.

உங்கள் பங்கிலும் ஒரு தவறு இருந்திருக்கலாம். உறையை நனைத்து வடிவம் எடுத்த பிறகு எத்தனை நாள் காயவிட்டீர்கள்? மேல்புறம் காய்ந்தது போலிருக்கும், உள்ளே தண்ணீர் இருக்கும். நான் செய்வது இப்படி. தைத்த உறையைக் குமிழி வருவது நிற்கும்வரை தண்ணீரில் அமுக்கி எடுத்து, மேற்பரப்பின் நிறம் சற்றே திரும்பும்வரை காத்திருப்பேன். கத்திக்கு எண்ணெய் பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாளை இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே இறக்குவேன். பிறகு விரல் சதையாலும் வழவழப்பான மரக்குச்சியாலும் பிடியின் இடுப்பைத் தேடித் தேடி அழுத்துவேன். நகம் பட்டால் தழும்பு அப்படியே தங்கிவிடும். என் ஆரம்பகால உறைகளில் என் கைரேகை எடுக்கலாம். வடிவம் நின்றதும் கத்தியை உருவிவிட்டு நிழலில் இரண்டு நாள். வெயில் வேண்டாம், சூடான காற்று வேண்டவே வேண்டாம், ஈரத்தோலில் சூடு பட்டால் சுருங்கி ஓடு மாதிரி ஆகிவிடும். கடைசியில் வெளிப்புறம் மட்டும் மெழுகு. பளபளப்புக்காக எண்ணெயை ஊற்றி ஊறவைத்தீர்களானால் தோல் தளர்ந்து, பாடுபட்டு எடுத்த இடுப்பு போய்விடும்.

தோல்காரரிடம் கொடுப்பதில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை. அமெரிக்காவின் பேர்பெற்ற ரேண்டல் கத்திப் பட்டறையின் பழைய கத்திகளுக்கு உறை தைத்தது ஹைசர் என்ற தோல் நிறுவனம். இன்று சேகரிப்பாளர்கள் அந்தக் கத்திகளின் காலத்தைக் கணிக்க உறையின் முதுகில் இருக்கும் முத்திரையையும் திருப்பிப் பார்க்கிறார்கள். கொடுங்கள், ஆனால் முடித்த கத்தியோடு போய் நிற்காதீர்கள். படம் தாளில் இருக்கும்போதே போய், அவர் சொல்வதைக் கேட்டுத் திருத்துங்கள். அதற்கு முன் நீங்களே ஐந்தாறு உறையாவது தைத்திருந்தால் அவர் சொல்வது புரியும். கத்தி கேட்டவர் இடக்கையரா, உட்கார்ந்து வேலை செய்பவரா, அவர் பெல்ட் எத்தனை அகலம் என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த கத்தியை 400, 600 என்று உப்புத்தாளால் ஈரத்தில் தேய்த்து எடுங்கள். ஆழமான புள்ளி நின்றால் நிற்கட்டும், அதை எடுக்கப் போய் அலகைச் சூடாக்கிப் பதத்தைக் கெடுத்துவிடாதீர்கள். பழைய உறையை அவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

பன்னிரண்டாவது கத்தியின் படத்தை வெட்டுவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள். பக்கவாட்டில் மட்டும் வரையாமல், பிடியை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்றும் வரைந்து அனுப்புங்கள். இடுப்பு அதில்தான் தெரியும்.