பிஎச்.டி. சேராமல் மூளை இமேஜிங் லேபில் ரிசர்ச் ஸ்பெஷலிஸ்ட்டாகப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஸ்கேன் எடுப்பது, டேட்டாவின் தரம் பார்ப்பது போன்ற லேப் வேலைகளைக் கவனிக்கும் பணி அது. முதுகலை முடித்திருப்பீர்கள், ஆஃபர் வந்திருக்கும், "பட்டன் அமுக்குற வேலைக்கா அமெரிக்கா போறே?" என்று வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள். என்னையும் கேட்டார்கள். அது இன்னும் உறுத்துவதால்தான் இந்தப் பதில்.

நான் இருப்பது குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஆராயும் ஒரு பல்கலைக்கழக லேப். எங்களுடையது 3 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) எம்ஆர்ஐ. ஸ்கேன் நடக்காத நேரத்திலும் அதன் காந்தம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். 2001-ல் நியூயார்க் மாநில மருத்துவமனை ஒன்றில் அறைக்குள் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் பாய்ந்து, ஸ்கேனருக்குள் இருந்த 6 வயதுச் சிறுவன் இறந்துபோனான். அதனால் கொண்டை ஊசி, சாவி, பெல்ட் எல்லாம் நான் சோதிக்காமல் யாரும் உள்ளே போக முடியாது. பேராசிரியரும்தான்.

அதைவிடப் பெரிய வேலை, தலை அசையாமல் பார்த்துக்கொள்வது. மூளையின் எந்தப் பகுதி எப்போது இயங்குகிறது என்று பார்க்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் அளப்பது இரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதைத்தான். சிக்னலில் அது ஓரிரு சதவீத மாற்றம். பிள்ளை தலையைக் கொஞ்சம் திருப்பினாலே அதெல்லாம் அடிபட்டுப்போகும். 2012-ல் சில குழுக்கள் தனித்தனியாக இதைக் காட்டின: அசைவு இருந்தால், மூளையில் தொலைவிலுள்ள பகுதிகளின் இணைப்பு (சேர்ந்து இயங்குவது) குறைவாகவும் பக்கத்துப் பகுதிகளின் இணைப்பு கூடுதலாகவும் தெரியும். அதிகம் அசைவது சின்னப் பிள்ளைகள்தான். அப்படியானால், வயது கூடக் கூடத் தொலைவு இணைப்புகள் வலுப்பெறுகின்றன, அதுவே வளர்ச்சி என்று அதுவரை எழுதியதில் ஒரு பங்கு வெறும் தலை அசைவு! இதைத் தடுக்க வேண்டியது யார்? அந்த அறையில் நிற்கும் நாம்தான்.

ஏழு வயதுப் பையன் ஒருவன் வந்தான். சத்தத்தைக் கேட்டதுமே அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டான். காந்தமே இல்லாத போலி ஸ்கேனர் ஒன்று எங்களிடம் உண்டு. அதில் படுக்கவைத்து, நெற்றியில் சென்சார் ஒட்டி, கார்ட்டூன் போட்டேன். தலை அசைந்தால் படம் நின்றுவிடும். முதலில் எரிச்சல்பட்டான், பிறகு படத்தை ஓடவைப்பதே அவனுக்கு விளையாட்டாகிவிட்டது. நிஜ ஸ்கேனில் காதோரம் ஸ்பாஞ்ச் வைத்து, ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் இடையில் மைக்கில் பேசிக்கொண்டே இருந்தேன். திரையில் அவனுடைய அசைவுக் கோடு கடைசிவரை ஏறக்குறைய நேராகவே போனது. எந்தப் பட்டனை அமுக்கினால் இது வரும்?

முன்பிருந்த ஒரு லேபில் இப்படிச் சேகரித்த டேட்டாவில் கட்டுரை வந்தது. ஸ்கேன் முறையை வகுத்ததும் தரம் பார்த்ததும் நான். என் பெயர் ஆசிரியர் பட்டியலில் இல்லை, நன்றிப் பட்டியலில் கிடந்தது. பொறாமை என்பீர்கள். இல்லை, உழைப்புக்குக் கணக்குக் கேட்கிறேன். பிஎச்.டி.யையும் நான் குறைத்துப் பேசவில்லை. சொந்தக் கேள்வியோடு சொந்த லேப் நடத்தும் ஆசை இருந்தால் அதைத்தான் செய்ய வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஊரில் அக்கா மகனை நடுமூளையைத் தூண்டிவிடுவதாகச் சொல்லும் 'மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்' வகுப்பில் சேர்த்து, அவன் கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கும் வீடியோவை எனக்கு அனுப்புகிறார்கள். நடுமூளை எல்லாப் பிள்ளைக்கும் பிறந்ததிலிருந்தே வேலை செய்கிறது. துணிக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாகத்தான் அவன் படிக்கிறான். பணம் பறிப்பது போதாதென்று பிள்ளைக்குப் பொய் சொல்லவும் பழக்குகிறார்கள். வயிறு எரிகிறது.

சரி, உங்கள் விஷயம். சம்பளம் பெரும்பாலும் கிராண்டிலிருந்துதான் (ஆராய்ச்சிக்குக் குறிப்பிட்ட காலம்வரை தரும் நிதி) வரும்; அது முடிந்தால் வேலையும் ஆட்டம் காணும். பைத்தான், லினக்ஸ், புள்ளியியல் மூன்றையும் போகும் முன்பே பழகிக்கொள்ளுங்கள். இன்டர்வியூவில் இரண்டு கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள்: கிராண்ட் எந்த வருடம் வரை இருக்கிறது? கட்டுரையில் ஸ்பெஷலிஸ்ட் பெயர் எப்போது சேரும்? இரண்டாவதற்கு மழுப்பினால் வேறு லேப் பாருங்கள்.